பிள்ளைகளின் நிறையை வகுப்பறையில் உரத்து வாசிப்பதை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைகளில் 1, 4, 7, 10ஆம் தர மாணவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் நடத்தும் மருத்துவப் பரிசோதனை பெறுமதியான சேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு முன்னாயத்தமாகச் சில பாடசாலைகளில் உயரமும் நிறையும் அளக்கப்படும் விதம் பற்றியே இதை எழுதுகிறேன்.

எனக்கு உறவான மாணவி ஒருத்தியின் வகுப்பில், தராசை எல்லோருக்கும் முன்னால் வைத்து, ஒவ்வொருவரின் நிறையையும் உரத்து வாசித்து, இன்னொரு மாணவியைக் கொண்டு பதிவேட்டில் எழுதுவித்திருக்கிறார்கள். அவளுடைய நிறை வாசிக்கப்பட்டபோது வகுப்பே சிரித்திருக்கிறது. (அந்த எண்ணை நானும் இங்கே எழுதப்போவதில்லை.) அன்றிலிருந்து இராச் சாப்பாட்டை விட்டாள், கொடுத்துவிட்ட சோற்றுப் பார்சல் பிரிக்கப்படாமலே வீடு திரும்பியது. சில வாரங்களின் பின்னர், அவளுடைய தலையணை உறைக்குள் வெறும் பிஸ்கட் பைக்கற்றுகளைத் தாய் கண்டெடுத்தார்.

பட்டினி கிடந்து, பின்னர் அடக்கமுடியாமல் அள்ளி உண்டு, அதற்காக வெட்கப்பட்டு மீண்டும் பட்டினி கிடப்பது வாய்க்கட்டுப்பாடு இல்லாத குணமல்ல, நோய். கட்டுப்பாடிழந்து மிதமிஞ்சி உண்ணும் கோளாற்றை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் தனி நோயாகவே சேர்த்துக்கொண்டது. உண்டதை வலிந்து வாந்தியெடுப்போருக்கு இரத்தத்தில் பொற்றாசியம் குறைந்து இதயத் துடிப்பே குழம்பக்கூடும். ஆனால் இத்தகைய உணவுக் கோளாறு ஒல்லியான பிள்ளைகளுக்கு மட்டும் வருவதென்ற எண்ணம் இருப்பதால், பருமனான பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கும்போது “நல்லதுதானே, கொஞ்சம் மெலியட்டும்” என்று வீட்டார் மகிழ்ந்துவிடுகிறார்கள். மிகவும் ஆபத்தான தவறு இதுவென்றே நான் கருதுகிறேன்.

உடற்பருமனைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆசிய நாட்டு வளர்ந்தோருக்கு, உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டி (BMI) 23ஐ எட்டும்போதே நீரிழிவு, இதய நோய் ஆபத்து கூடத் தொடங்குகிறதென உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துக்காட்டியது. ஆனால் அந்த நிலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோவது யார்? பாடசாலை விட்டதும் ரியூசன். இடையில் றோல்ஸ், பணிஸ், இனிப்புப் பானம். 2016 முதல் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இருந்தும், சிவப்பு அடையாளமுள்ள போத்தலை நாமே வாங்கிக் கொடுக்கிறோம். மகள் பெரியபிள்ளையானதும் சைக்கிளையும் மைதானத்தையும் மறுத்துவிட்டு, பின்பு கலியாணப் பேச்சு எழும்போது அவளுடைய உடம்பைக் குறை சொல்வதும் நாங்கள்தான்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வலயக் கல்விப் பணிமனைகள் அடுத்த தவணைக்கு முன்னராவது தெளிவான அறிவுறுத்தல் ஒன்றை எல்லாப் பாடசாலைகளுக்கும் அனுப்ப வேண்டும். நிறையை மறைவான இடத்தில், ஒவ்வொருவராக அழைத்து அளக்க வேண்டும். பதிவை மாணவர் கையில் கொடுக்காது பெரியவர் ஒருவரே எழுத வேண்டும். முடிவைப் பெற்றோருக்கு ஒட்டிய கடித உறையில் அனுப்ப வேண்டும். பிள்ளை உணவை ஒளிப்பதையோ, சாப்பிட்டதும் குளியலறைக்குள் நெடுநேரம் இருப்பதையோ காணும் பெற்றோர், திட்டாமல், அண்மையிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.