பனி உருகினால் பயம்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. "அந்தக் குளிரில் ஆடு மாடெல்லாம் எப்படிப் பிழைக்குது?" என்று கேட்டிருந்தாய். ஆடு வளர்க்கிறவனுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்.

கூட வேலை பார்க்கும் நண்பரின் ஊர் கோர்கல்ஜின். கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானாவிலிருந்து தென்மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். ஜனவரியில் ஒரு வாரம் அங்கே தங்கினேன். இந்த மே மாதம் மறுபடி வந்திருக்கிறேன். ஊர் எல்லையைத் தாண்டினால் வெறும் புல்வெளி, மரமே கிடையாது. வடக்கே சைபீரியாவிலிருந்து வரும் காற்றை மறிக்க ஒரு மலை இல்லை. எந்தத் திசையில் போனாலும் பெருங்கடல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்தான். அதனால்தான் குளிர்காலத்தில் மைனஸ் 30க்குக் கீழே போகிற ஊர், ஜூலையில் 35 டிகிரியில் காய்கிறது. வருஷம் முழுக்க மழையும் பனியும் சேர்ந்தே 300 மில்லிமீட்டர் அளவுக்குத்தான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். குளிருக்கு இவர்கள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. பனி பொடியாக இருக்கும்வரை குதிரைகள் அதைக் குளம்பால் கிளறி, அடியில் காய்ந்து கிடக்கும் புல்லைத் தின்றுவிடும். அவை கிளறிவிட்ட இடத்தில் பின்னாலேயே மாடும் ஆடும் மேயும். பயமெல்லாம் நடுக்குளிர்காலத்தில் திடீரென்று வெப்பம் கூடினால்தான். மேல்பனி உருகி, அன்று இரவே திரும்ப உறைந்தால் நிலம் முழுக்கப் பாளமாக இறுகிவிடும். குளம்பால் உடைக்க முடியாது. காலடியில் புல் இருந்தும் மந்தை பட்டினி கிடந்து சாகும். இதற்கு 'ஜூட்' என்று பெயர். 'ஜூட்டுக்கு ஏழு உடன்பிறப்பு' என்று கசாக்கியரிடம் ஒரு பழமொழி உண்டு. துன்பம் தனியாக வராது, கூட்டத்தோடு வரும் என்று அர்த்தம். நண்பரின் அப்பா இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். கொட்டகைப் பக்கம் அவ்வளவு உயரத்துக்கு வைக்கோல் ஏன் அடுக்கி வைத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஏப்ரலில் பனி மொத்தமாக உருக, நூரா ஆறு கரைபுரளுமாம். அது கடலுக்குப் போகும் ஆறு இல்லை. வழியிலுள்ள ஏரிகளை நிரப்பிவிட்டுத் தெங்கிஸ் என்ற உப்பு ஏரியில் போய் முடிந்துவிடுகிறது. தெங்கிஸ் என்றால் கசாக் மொழியில் கடல். அங்கே நேற்று பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தேன். ஜனவரியில் என் கண்ணிமை உறைந்த அதே பிரதேசத்தில் பூநாரை! நம்பவே முடியவில்லை முத்து.

அப்புறம் இன்னொன்று. சாயங்காலம் ஊருக்கு வெளியே நடந்தபோது, மிதிபட்ட செடியிலிருந்து எங்கேயோ பழகிய ஒரு வாசனை வந்தது. இவர்கள் அதை ஜுசான் என்கிறார்கள். மருக்கொழுந்தின் இனம்தான் அது, வாசனை கொஞ்சம் கசப்பு. ஒரு கொத்து காயவைத்து இதனுடன் அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் கொடு. கண் கட்டைப் பிரிக்கும்முன் முகர்ந்து பார்த்து, அது என்னவென்று சொல்கிறாரா பார்.

அன்புடன்,
செல்வம்