அடுப்பு எரியாத மனைப்பொருளியல் வகுப்புகள்: திருகோணமலைக் கல்வி அதிகாரிகளுக்கும் அதிபர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர்களே, அதிபர்களே, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரே,

வணக்கம். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆகிய ஐந்து வலயங்களிலும் அடுத்த ஆண்டு நேரசூசி முடிவாகும் முன் இந்த மடல் உங்கள் கைக்கு வரவேண்டும் என்று விரும்புகிறோம். தரம் 10, 11 மனைப்பொருளியலுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து வையுங்கள். அந்த நேரத்தில் பாதுகாப்பாக அடுப்பு எரிய ஓர் அறை தாருங்கள். தரம் 6 முதல் 9 வரை சுகாதாரமும் உடற்கல்வியும் படிக்கும் பிள்ளைகளுக்கும் தவணைக்கு இரண்டு தடவையாவது அதே அறை திறக்கட்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

40 நிமிடத்தில் சமையல் பாடம் ஏன் நடக்காது என்பதை நிமிடக் கணக்கில் சொல்கிறோம். கை கழுவி, தலைமுடி கட்டி, பொருட்களை நிறுக்க 15 நிமிடம். ஆசிரியர் செய்துகாட்ட 10 நிமிடம். பிள்ளைகள் சமைக்க 30 நிமிடம். சுவைத்து, குறித்து, பாத்திரம் கழுவி, மேசை துடைக்க 25 நிமிடம். கூட்டினால் 80. ஒற்றைப் பாடவேளையில் தண்ணீர் கொதிக்கும்போதே மணி அடித்துவிடுகிறது. அதனால்தான் ஆசிரியர் கரும்பலகைக்குத் திரும்புகிறார், பிள்ளை செய்முறையைக் கொப்பியில் எழுதுகிறது, பரீட்சையில் புள்ளியும் கிடைக்கிறது. ஆனால் இந்தப் பாடத்தில் உயிரோடு தொடர்புடைய பிழைகள் எதுவும் கொப்பியில் தெரிவதில்லை. அவை கையில்தான் தெரியும்.

வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனிக் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு பக்கற்று, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர்’ என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதும். செய்யச் சொன்னால் பாதிப் பக்கற்றை ஒரு கிளாசில் கொட்டும், மீதியைப் பிறகு பாவிக்கலாம் என்று மடித்து வைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லீற்றருக்கு 20.5 கிராம் தூள். பாதி என்றால் 10 கிராமுக்குச் சற்று மேல். அதை 200 மில்லிலீற்றரில் கரைத்தால் கரைசல் இரண்டரை மடங்கு செறிவாகிறது. செறிவான கரைசல் குடலுக்குள் நீரை இழுக்கும், வயிற்றோட்டம் கூடும், சிறு குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். நீரைக் கூட்டிவிட்டால் இழந்த உப்பு திரும்பாது. பக்கற்று இல்லாத வீட்டுக்கு, ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இதில் ‘மட்டமாக’ என்ற சொல்தான் முழுப் பாடமும். குவித்த கரண்டியையும் வழித்த கரண்டியையும் தராசில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிள்ளை அந்தச் சொல்லை மறக்காது. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிட வேண்டும் என்பதை அறிய, போத்தலில் நேரம் எழுதி ஒட்டும் பழக்கமும் அங்கேயே வரவேண்டும்.

அடுத்தது மீன். திருக்கடலூரிலிருந்து குச்சவெளி வரை கரையோரம் முழுவதும் மீன் உண்ணும் மாவட்டத்தில், பாடசாலையில் ஒரு மீனைக் கையில் எடுத்துக் காட்டாமல் ‘புதிய மீனின் இயல்புகள்’ படிப்பிக்கிறோம். கண் தெளிவு, செவுளின் சிவப்பு, அழுத்தினால் குழி விழாத சதை எல்லாம் புத்தகத்தில் உண்டு. சூரை, கும்பளா, கீரி போன்ற கருஞ்சதை மீன்களில் இவை மட்டும் போதாது. அவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். வெயிலில் கிடந்த மீனில் பற்றீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஹிஸ்டமின் உருவான பிறகு பொரித்தாலும், கொதிக்க வைத்தாலும், கருவாடாக்கினாலும் அழியாது. நாற்றமும் இல்லாமல் இருக்கலாம். சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணித்தியாலத்திலோ முகம் சிவந்து, வாய் எரிந்து, தலையிடியும் அரிப்பும் வரும். வீட்டில் ‘பிள்ளைக்கு மீன் ஒத்துக்கொள்ளாது’ என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு நல்ல புரதமும் நிறுத்தப்படும். காரணம் மீன் அல்ல, அது ஐஸ் இல்லாமல் கிடந்த நேரம். எங்கள் வெப்பத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நல்ல கணக்கு. ஐஸை மேலே மட்டும் போடாமல் அடியிலும் இடையிலும் நொறுக்கிப் போடவேண்டும், உருகிய நீர் வடிய வழி வேண்டும். இரண்டு பெட்டிகள், ஒரு வெப்பமானி, அரை மணித்தியாலம் இருந்தால் வகுப்பிலேயே வேறுபாட்டை அளக்கலாம். வெப்பமானியைச் சரிபார்ப்பதும் பாடமே: நொறுக்கிய ஐஸ்நீரில் 0, கொதிநீரில் 100. கடல்மட்டத்தில் இருக்கும் ஊர் என்பதால் எங்களுக்குக் கழித்துக் கூட்டும் வேலை இல்லை.

சோற்றிலும் இதே கதைதான். காலையில் வடித்த சோறு மூடிய பானையில் மாலை வரை இளஞ்சூட்டில் இருந்தால், சமையலில் சாகாத பற்றீரிய வித்துகள் முளைத்து நஞ்சை விடும். இரவில் அதைச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் உணவை நெடுநேரம் விடக்கூடாது என்ற ஒரே விதி மீனுக்கும் சோற்றுக்கும் பொதுவானது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த விதியால் பயன் என்ன என்று கேட்கலாம். அந்தப் பிள்ளைக்குத்தான் வேளைக்கு எத்தனை சுண்டு அரிசி போதும் என்று அளக்கத் தெரியவேண்டும்.

இரும்புச்சத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பாடசாலைகளில் வாரம் ஒரு இரும்பு மாத்திரை கொடுக்கும் திட்டம் நடக்கிறது. மாத்திரை விழுங்கியதும் மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து அடுத்த வாரம் அதை ஒளித்துவிடும் பிள்ளைகள் உண்டு. கறுப்பது உறிஞ்சப்படாத இரும்பால், தீங்கில்லை என்று முன்கூட்டியே ஒரு வரி சொன்னால் போதும். வெறும் வயிற்றில் குமட்டும், ஆகவே சாப்பாட்டுக்குப் பிறகு. தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாது. தேயிலையின் பொலிபீனோல்கள் தாவர உணவிலுள்ள இரும்பையும் மாத்திரையின் இரும்பையும் பிடித்துக்கொள்ளும். பாணும் சம்பலும் தேத்தண்ணியும் ஒன்றாக இறங்கும் காலைச் சாப்பாட்டில் தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிவைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. சீனன்குடாவில் பெரிய கோதுமை மா ஆலை நிற்கும் மாவட்டம் இது. பாணை விடு என்று சொல்லிப் பயனில்லை, பாணோடு எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளிவைப்பது என்றே படிப்பிக்க வேண்டும்.

இதற்கு எங்கள் முதல் செய்முறை பயற்றஞ்சுண்டல். ஆறு பேர் கொண்ட குழுவுக்கு முதல்நாள் இரவு ஊறவைத்த பயறு 150 கிராம் (உலர்ந்த நிறை), காம்பு நீக்கிய முருங்கையிலை 50 கிராம், தேங்காய்ப்பூ 40 கிராம், சின்ன வெங்காயம் 30 கிராம், உப்பு 3 கிராம், தேசிக்காய் ஒன்று. ஊறிய பயறு 20 முதல் 25 நிமிடத்தில் அவியும். ஊறவைக்க மறந்தால் இரட்டைப் பாடவேளையும் போதாது, அன்றைய பாடம் அங்கேயே விழும். முருங்கையிலையைக் கடைசி மூன்று நிமிடத்தில் போடவேண்டும். தேசிப்புளியை அடுப்பை அணைத்து, சட்டியை இறக்கிய பிறகுதான் விடவேண்டும். தாவர இரும்பை உடல் எடுத்துக்கொள்ள உதவும் விற்றமின் சி சூட்டில் அழியும். நேரத்தோடே பிழிந்து கொதிக்க விட்டால் புளிப்பு இருக்கும், விற்றமினில் ஒரு பகுதி போயிருக்கும். நெத்தலிக் கருவாடு சேர்த்தால் இன்னும் நல்லது. இறைச்சியும் மீனும் தமது இரும்பைத் தருவதோடு பயற்றின் இரும்பையும் உள்ளே இழுக்கும். ஆனால் கருவாட்டின் உப்பைக் கழுவி, சேர்க்கும் உப்பைக் குறைக்க வேண்டும். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. சுண்டலில் ஆளுக்கு அரைக் கிராம் வந்தது என்று தராசில் கண்ட பிள்ளை, வீட்டில் கைப்பிடியால் போடும் உப்பைப் பார்த்துக் கேள்வி கேட்கும்.

அந்த உப்பும் அயடின் சேர்த்ததாக இருக்கவேண்டும். நிலாவெளி உப்பளத்தை அண்டிய பகுதிகளில் உடைக்காத கல்லுப்பு மலிவாகக் கிடைக்கும். அயடின் சேர்க்காத கல்லுப்பு மீனுக்கும் ஊறுகாய்க்கும் போகட்டும், கறிக்கு வேண்டாம். அயடின் உப்பை அடுப்படியில் மூடாமல் வைத்தால் ஈரத்திலும் சூட்டிலும் அயடின் குறையும்.

சிற்றுண்டிச்சாலைக்கும் இந்தத் தராசு போகவேண்டும். இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானங்களில் நிறக் குறியீடு உண்டு: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. 12 கிராம் என்று போட்ட அரை லீற்றர் போத்தலில் 60 கிராம். அதை ஒரு தட்டில் கொட்டி வைத்தால் ஆசிரியர் வேறொன்றும் பேசத் தேவையில்லை.

இனி, அடுப்பைப் பற்றிய பயம். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளுக்குப் பிறகு பல அதிபர்கள் சிலிண்டரைப் பாடசாலைக்குள் விடத் தயங்குவதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அதே பிள்ளைகள் வீட்டுக் குசினியில் தனியாக அடுப்பு மூட்டுகிறார்கள். எங்கேயோ ஓரிடத்தில் அதைச் சரியாகப் பழகவேண்டும். 36 பேர் வகுப்புக்கு இரட்டை அடுப்பு இரண்டு போதும்: மூன்று குழு சமைக்கும், மூன்று குழு நிறுத்து எழுதும், மறுவாரம் மாறும், நாலாவது நெருப்பு ஆசிரியருக்கு. சிலிண்டர்கள் சுவருக்கு வெளியே நிழலில் நிமிர்ந்து நிற்கட்டும். சுவரில் துளையிட்டு ஒரு குழாய்க்குள்ளால் ரியூப் வரட்டும், அடுப்புக்குப் பின்னால் போகாதபடி. ரியூப்பை இரண்டு ஆண்டுக்கொருமுறை, வெடிப்புக் கண்டால் உடனே மாற்றவேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் முன் ரெகுலேற்றரிலும் இரு முனைகளிலும் சோப்புநீர் பூசிக் குமிழ் வருகிறதா என்று பிள்ளைகளே பார்க்கவேண்டும். தீக்குச்சியால் சோதிப்பது ஒருபோதும் இல்லை. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, நிலத்தில் தேங்கும். யன்னல் திறந்திருப்பதை நம்பியிருக்கக்கூடாது. தரைமட்டத்தில் காற்றுப் போக வழி வேண்டும், வாசலில் உயர்ந்த படி இருக்கக்கூடாது. மணம் வந்தால் ரெகுலேற்றரை மூடி எல்லாரும் வெளியே. விளக்கையோ விசிறியையோ போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது, இரண்டிலும் தீப்பொறி வரும்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. நீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கும். அடுப்பை அணை, பொருந்தும் மூடியால் மூடு, சட்டியை நகர்த்தாதே. குளிர்ந்த சட்டியில் இந்த அசைவுகளைப் பத்துத் தடவை பழகலாம். சுட்ட இடத்துக்கு ஓடும் தண்ணீர் 20 நிமிடம், பற்பசையும் ஐஸும் வேண்டாம்.

பொருட்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். செய்முறை நாளன்று வராமல் நிற்கும் பிள்ளை பெரும்பாலும் பயறு வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை. முருங்கையும் தேசியும் பாடசாலைத் தோட்டத்தில் நிற்கட்டும். மீதிக்கு, கற்றல் பொருட்களுக்கான ‘தர உள்ளீட்டு’ நிதியில் இடமுண்டா என்பதை வலயம் எழுத்தில் தெளிவாக்கினால் அதிபர்களுக்குத் தயக்கம் போகும்.

கைகழுவலையும் தண்ணீரையும் பற்றிப் பேசும்போது மலசலகூடத்தையும் சொல்லவேண்டும். மாதவிடாய் அணையாடையை 4 முதல் 6 மணித்தியாலத்துக்குள் மாற்றவேண்டும் என்று படிப்பிக்கிறோம். பாடசாலை 7.30 முதல் 1.30 வரை, அதோடு பயண நேரம். அப்படியானால் ஒவ்வொரு மாணவியும் அந்த நாட்களில் பாடசாலையில் ஒரு தடவையாவது மாற்றியாக வேண்டும். உள்ளே பூட்டும் கதவு, வாளியில் தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் எங்கள் பாடம் பொய்யாகிறது. துணி பாவிப்பவர்கள் அதை வேறு உடுப்புக்கு அடியில் மறைத்து ஈரத்தோடு வைப்பதால்தான் தொற்று; வெயிலில் காயவேண்டும் என்பதை வெட்கமின்றிச் சொல்ல ஆசிரியைக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் தவணைக்கு ஒருமுறை அழையுங்கள்.

ஆண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண தரத்தின் மூன்றாம் விருப்பப் பாடத் தொகுதியில் மனைப்பொருளியல் பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுங்கிக் கிடக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள ஹோட்டல் குசினிகளில் வேலை தேடிப்போகும் இளைஞர்கள் முதலில் கற்கவேண்டியது இதே நிறுவை, இதே வெப்பமானி, இதே கைகழுவல். ஆண்கள் பாடசாலை அதிபர்கள் தரம் 9 முடிவில் பாடத்தேர்வுப் படிவம் கொடுக்கும்போது இந்தப் பாடத்தின் பெயரையும் அதில் சேர்த்துக் கொடுங்கள்.

நேரசூசியில் இரண்டு கட்டங்களை அடுத்தடுத்து நிரப்ப எந்த நிதியும் தேவையில்லை, அதை இந்தத் தவணையிலேயே செய்யலாம். அறையைப் பார்க்க வரும் நாளை அறிவித்தால், எங்கே துளையிடுவது, எங்கே சிலிண்டர் நிற்பது என்று அளந்து காட்ட அளவுநாடாவோடு வந்து நிற்போம்.

அன்புடன்,
மனைப்பொருளியல், சுகாதாரக் கல்வி ஆசிரியர்கள்
திருகோணமலை