ஆற்றில் மீன் விடப் போகும் மகனுக்கு

நோர்வூட், இலங்கை

அன்பு மகனுக்கு,

மீன் குஞ்சு வளர்க்கும் நிலையத்தில் உனக்கு வேலை கிடைத்ததை அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீ போனில் சொன்ன ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. "குளத்தோட நிறுத்தப் போறதில்லம்மா, மலை ஆறுகள்லயும் குஞ்சு விடப் போறோம்" என்றாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

பெரியம்மாவைப் பார்க்கத் தமிழ்நாட்டுக் கோத்தகிரிக்குப் போனேன் அல்லவா? நம் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்கள் கப்பலேறிப் போனார்கள். இந்தியாவில் நான் பார்த்த முதல் தேயிலை மலை அங்கேதான். அண்ணன் எங்களைக் கோடநாடு காட்சிமுனைக்குக் கூட்டிப் போனான். கீழே பள்ளத்தாக்கில் மோயாறு ஓடுகிறது. அந்த ஆற்றில் இருக்கும் ஒரு மீனைப் பற்றி அவன் சொன்னான். திரும்பி வந்ததும் நானும் தேடித் தேடிப் படித்தேன்.

அது முதுகில் திமில் உள்ள மஹ்சீர். மஹ்சீர் என்றால் கெண்டைக் குடும்பத்துப் பெரிய ஆற்று மீன், அதில் பல வகை உண்டு. செட்டைகள் ஆரஞ்சு நிறம். காவிரியிலும் அதில் வந்து சேரும் ஆறுகளிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே தூண்டில் போடுகிறவர்கள் அதைத் தேடி வந்திருக்கிறார்கள். 1946இல் மைசூர்ப் பக்கம் கபினி ஆற்றில் பிடித்த ஒன்று 120 இறாத்தல் நிறை. ஒரு மூடை அரிசியை விடக் கூட! இவ்வளவு பேர் பெற்ற மீனுக்கு விஞ்ஞானப் பெயர் உறுதியானது 2018இல்தான். கேரளத்துப் பாம்பாற்றில் முன்பே கண்டு பெயர் வைத்த மீனும் இதுவும் ஒன்றே என்று அப்போது காட்டினார்கள். பாம்பாறும் அமராவதி வழியாகக் காவிரிக்குத்தான் போகிறது. பெயர் கிடைத்த அதே வருடம் உலகச் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாகவும் சேர்த்தார்கள்.

அணை கட்டினார்கள், மணல் அள்ளினார்கள், வெடி போட்டு மீன் பிடித்தார்கள். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், நம் ஆறுகளிலும் நடக்கிறது. என்னைத் தூங்க விடாதது, மீனைக் காப்பாற்ற நினைத்தவர்களால் வந்த வினை.

1970களில் மஹ்சீர் குறைகிறதே என்று கவலைப்பட்டு, மகாராஷ்டிரப் பக்கத்தில் அதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். பெரிய சாதனை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வளர்த்தது நீலச் செட்டை மஹ்சீர், கிருஷ்ணா நதிப் பக்கத்து மீன். அதன் குஞ்சுகளைக் காவிரியிலும் விட்டார்கள். அவை நன்றாகப் பெருகின. காவிரிக் கரையில் தூண்டில் முகாம்கள் இருந்தன. பிடித்த மீனை நிறுத்து, கணக்கில் எழுதிவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடுவார்கள். 1998 முதல் 2012 வரையான அந்தக் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். மொத்த மஹ்சீர் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. வகை பிரித்துப் பார்த்தால் ஏறியதெல்லாம் நீலச் செட்டை. திமில் மீன் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

யோசித்துப் பார் மகன். மஹ்சீர் என்று ஒரே கட்டம் போட்டு எழுதியிருந்தால் எல்லாரும் கைதட்டியிருப்பார்கள். ஊருக்கு உரிய மீன் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தும் கணக்கில் அது வெற்றியாகத்தான் தெரிந்திருக்கும். இன்று அது நல்லபடி மிஞ்சியிருப்பதாகத் தெரிகிற இடம் அண்ணன் காட்டிய அந்த மோயாறுதான்.

குஞ்சு விடுவதே பிழை என்று நான் சொல்லவில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் பிடிக்கிற திலாப்பியா எத்தனை லயத்துப் பிள்ளைகளுக்குக் கறியாகிறது என்று எனக்குத் தெரியாதா? மனிதன் தேக்கிய தண்ணீர் அது, அதில் விடுங்கள், சாப்பிடுவோம். ஓடுகிற ஆற்றின் கதை வேறு. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் தூண்டில் விளையாட்டுக்கென்று துரைமார் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் அந்த ஓடைகளில் என்னென்ன இருந்தது என்று அவர்கள் யாரிடம் கேட்டிருப்பார்கள்? நம் வீட்டுக்குக் கீழே ஓடும் கெசல்கமுவ ஓயா, மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. கித்துல்கலப் பக்கம் அந்தக் கங்கையில் ஒரு கெண்டை இனம் இருக்கிறது. 1989இல்தான் அதற்கு அசோகா என்று பெயர் வைத்தார்கள். களனியை விட்டால் அதற்கும் வேறு ஆறு இல்லை.

உங்கள் நிலையத்தில் நீ புதியவன், சின்னவன். எதிர்த்துப் பேசு என்று சொல்லமாட்டேன். ஆனால் கேள்வி கேட்கலாம். குஞ்சுகளின் தாய்மீன் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று கேள். விடப் போகிற ஓடையில் ஏற்கனவே என்ன மீன் இருக்கிறது என்று யாராவது வலை போட்டுப் பார்த்தார்களா என்று கேள். பார்க்கவில்லை என்றால் "நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் சேர்" என்று நீயே முன்வா. அந்தந்தத் தோட்டத்தில் ஓடையில் மீன் பிடித்து வளர்ந்த பெரியவர்கள் இருப்பார்கள், சிங்களக் கிராமங்களிலும் இருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசு. பார்த்ததையெல்லாம் வகை பிரித்து எழுதி வை.

தீபாவளிக்கு வரும்போது உங்கள் நிலையத்தில் வளர்க்கும் மீன்களின் பட்டியலைக் கொண்டு வா, நான் பார்க்க வேண்டும். அண்ணனுக்கும் ஒரு போன் போடு, உன்னோடு பேசக் காத்திருக்கிறான்.

அன்புடன்,
அம்மா