மூன்றாவது வாரத்துக் காய்ச்சல்

அன்புள்ள வசந்தி,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாததற்கான திட்டுகளை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே அனைவரும் நலம். அவர் வழக்கம்போல் மாடித் தோட்டத்திலேயே குடியிருக்கிறார்.

எனக்குச் செய்ததுபோல் உன் தங்கைக்கும் கர்ப்பப்பை நார்க்கட்டிக்கு எம்போலைசேஷன் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். தொடையிடுக்கு இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கர்ப்பப்பைக்குப் போகும் இரண்டு தமனிகளையும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களால் அடைத்துவிட்டால், இரத்தம் கிடைக்காத நார்க்கட்டி சில மாதங்களில் சுருங்கிவிடும் என்றார்கள். வயிற்றில் கத்தி படவில்லை என்பது உண்மை. ஆனால் அன்றிரவு வந்த வலிக்கு முன்னால் என் இரண்டு பிரசவங்களும் ஒன்றுமில்லை. வலியும் குமட்டலும் லேசான காய்ச்சலும் முதல் வாரத்தில் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். எல்லாம் அடங்கவும் செய்தது.

மூன்றாவது வாரத்தில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பியது. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. சொல்லவே கூசும்படி, வெள்ளைப்படுவதுபோல் நாற்றத்துடன் நீர் போனது. சிகிச்சை செய்த இடத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அனைவருக்கும் வருவதுதான், பாராசிட்டமால் போடுங்கள் என்று முடித்துவிட்டார்கள். என் பழைய மகப்பேறு மருத்துவர்தான், நாற்றம் என்ற சொல்லைக் கேட்டதுமே உடனே கிளம்பி வரச் சொன்னார். உட்சுவரை ஒட்டியிருந்த கட்டி செத்துக் கழன்று, கர்ப்பப்பை வாயில் சிக்கிச் சீழ்பிடித்திருந்தது. மயக்க மருந்து கொடுத்துக் கீழ்வழியாகவே எடுத்து, இரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். கர்ப்பப்பை தப்பியது.

சிகிச்சையின் மீது எனக்குக் கோபமில்லை. பாரிஸில் ரவினா என்ற மருத்துவர் குழு அறுவையின்போது இரத்தப்போக்கைக் குறைப்பதற்காக இப்படி அடைத்துப் பார்த்தபோது, பலருக்கு அறுவையே தேவைப்படாமல் போனதாம். 1995இல் அதை அறிவித்தார்கள். நெதர்லாந்தில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பின்னாளில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தாலும், மற்றவர்கள் அதிலிருந்து தப்பித்தார்கள். என் கோபமெல்லாம், முதல் வாரத்தை விலாவாரியாகச் சொன்னவர்கள் அதற்குப் பின் வரக்கூடியதைச் சொல்லாமல் அனுப்பியதில்தான். முதல் வாரக் காய்ச்சல் வேறு, அடங்கிய பின் திரும்பும் காய்ச்சல் வேறு. கட்டி கழன்று விழுவது மாதங்கள் கழித்துக்கூட நடக்கலாம்.

உன் தங்கை இன்னும் குழந்தைக்குக் காத்திருக்கிறாள் என்பதால், கட்டியை மட்டும் அகற்றும் அறுவையைப் பற்றியும் அவள் கட்டாயம் கேட்க வேண்டும். துகள்கள் சில சமயம் சினைப்பைக்கான இரத்தத்தையும் குறைத்துவிடும். கட்டி உட்சுவரில் இருக்கிறதா, தசைக்குள் இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தை அனுப்பு, என் மருத்துவரிடம் காட்டுகிறேன்.

செண்பகம் அக்கா கேட்டால் எனக்குப் பல்வலி என்று மட்டும் சொல். திண்டுக்கல் கல்யாணத்தில் பட்டது போதும்.

அன்புடன்,
உன் மீனா