மேட்டூர் அணைக்கும் ஒரு கையெழுத்து வேண்டும்

நாடாளுமன்ற வெளியுறவுத் துறை நிலைக்குழுவின் மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025 மே 7 அன்று நாடெங்கும் போர்க்கால ஒத்திகை நடந்தது. தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகமும் எங்கள் கல்பாக்கமும் அதில் இருந்தன. மறுநாள் காலை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், நெஜமாவே அணுமின் நிலையத்து மேல குண்டு போட்டா நம்ம கதி என்ன? போடக் கூடாதுன்னு சட்டம் எதுவும் கிடையாதா?" என்று கேட்டார். "இருக்குப்பா, பாகிஸ்தானோட ஒப்பந்தமே இருக்கு" என்றேன். அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதி வந்தது. அவர் மனைவிக்குப் பிறந்த ஊர் பவானி. அடுத்த கேள்வி உடனே வந்தது: "அப்ப மேட்டூர் டேமுக்கு?"

முப்பது ஆண்டுகள் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் அவரிடம் சொன்ன ஒப்பந்தம் 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில் கையெழுத்தானது. அப்போது இங்கே ராஜீவ் காந்தி பிரதமர், அங்கே பெனசிர் பூட்டோ. மூன்றே மூன்று பிரிவுகள்தான் அதில். ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது, தாக்குவதற்குத் துணைபோகவும் கூடாது. எந்த நிலையம் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். 1991-ல் நடைமுறைக்கு வந்த இந்த ஒப்பந்தத்தின்படி 1992 முதல் பட்டியல் கைமாறிவருகிறது. கார்கிலில் குண்டு முழங்கிய 1999-க்குப் பிறகு வந்த ஜனவரியிலும் கைமாறியது. நாடாளுமன்றத் தாக்குதலை அடுத்து இரு படைகளும் எல்லையில் முறைத்துக்கொண்டு நின்ற 2002 ஜனவரியிலும் கைமாறியது. பட்டியலை வெளியிடுவதில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் சொற்படி அணு மின் உலைகள் அதில் இருந்தாக வேண்டும். அப்படியென்றால் கல்பாக்கமும் கூடங்குளமும் எங்கே இருக்கின்றன என்று நாமே எழுதிக் கொடுத்து, "இங்கே கை வைக்காதே" என்று கேட்கிறோம். எதிரி என்று சொல்லப்படுபவரும் தம் பட்டியலை நம்மிடம் அதேபோல் தருகிறார். போர்ச் சட்ட வரலாற்றில் எனக்குத் தெரிந்த மிகத் துணிவான செயல்களில் இது ஒன்று. இதைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு பத்தி கூட இல்லையே என்று பல ஆண்டுகளாக வருந்தியிருக்கிறேன்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தில் அணைகள் இல்லை.

விண்ணிலிருந்து விழும் குண்டுக்குச் சட்டம் வந்த கதை நீண்டது, வேதனையானது. 1899-ல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், பலூனிலிருந்து வெடிபொருள் எறிவதற்கு ஐந்தாண்டுத் தடை போட்டன. அப்போது விமானமே பிறக்கவில்லை. 1907-ல் மறுபடி கூடியபோது அந்தத் தடையைப் புதுப்பிக்கப் பல வல்லரசுகள் முன்வரவில்லை. மிஞ்சியது ஒரு வரி: காவல் இல்லாத ஊர்களை எந்த வழியிலும் தாக்கக் கூடாது. "எந்த வழியிலும்" என்ற சொல்லை வானத்தை நினைத்துத்தான் சேர்த்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1911-ல், லிபியாவில் இத்தாலிய விமானி ஒருவர் விமானத்திலிருந்து முதல் குண்டுகளைக் கையால் வீசினார். பிறகு ஊருக்கு ஊர் விமான எதிர்ப்புத் துப்பாக்கி வந்தது. துப்பாக்கி இருந்தால் அது காவல் உள்ள ஊர். அந்த ஒரு வரியும் இப்படிச் செத்துப்போனது.

1923-ல் ஹேக்கிலேயே வான்போர் விதிகளை முழுமையாக எழுதினார்கள். எந்த நாடும் அதை ஏற்று ஒப்பந்தமாக்கவில்லை. குவெர்னிகா, ராட்டர்டாம், லண்டன், ஹாம்பர்க், டோக்கியோ, ஹிரோஷிமா நகரங்களின் மீதான குண்டுவீச்சுகள் எல்லாம் அந்த வெற்றிடத்தில்தான் நடந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தில் வான்வழித் தாக்குதலுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. வென்றவர்களும் அதையே செய்திருந்தார்கள், யார் யாரைக் கேட்பது? 1949 ஆகஸ்ட் 12 அன்று உருவான நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளில் நான்காவது, குடிமக்களுக்கென்றே எழுதப்பட்டது. எதிரியின் கையில் சிக்கிய குடிமகனை அது காத்தது, மருத்துவமனையைக் காத்தது. ஆனால் ஊரின் மீது குண்டு போடுவதைப் பற்றிப் பொதுவான விதி எதையும் வகுக்காமலே விட்டது. இந்தியா 1950-லேயே நான்கையும் ஏற்றுக்கொண்டது. அது நமக்குப் பெருமை.

அணைகளின் கதைக்கு வருகிறேன். 1943 மே 16 இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் மோனே, ஏடர் அணைகளை உடைத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஜெர்மானியர்கூட இல்லை. நேஹைம் அருகே முகாமில் கட்டாய வேலைக்கு அடைக்கப்பட்டிருந்த அயல்நாட்டவர்கள் அவர்கள். பலர் சோவியத் நாட்டிலிருந்து இழுத்து வரப்பட்ட பெண்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் தடுமாறும். பத்தாண்டுகள் கழித்து, 1953 மே மாதம், அமெரிக்க விமானங்கள் வட கொரியாவின் பாசன அணைகளைத் தாக்கின. நடவு செய்த நெல் வயல்கள் அடித்துக்கொண்டு போயின. காவிரிக்கரையில் நாற்று நட்டவர்களுக்கு அந்த இழப்பு என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் வந்தது 1977 ஜூன் 8 அன்று. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான முதல் கூடுதல் நெறிமுறை. போராளியையும் குடிமகனையும் பிரித்துப் பார், கண்மூடித்தனமாகத் தாக்காதே, பட்டினியை ஆயுதமாக்காதே, குடிநீர் நிலையத்தையும் பயிரையும் அழிக்காதே என்றெல்லாம் முதன்முறையாகத் தெளிவாக எழுதப்பட்டது அதில்தான். அதன் 56-ஆம் விதி அணை, கரை, அணுமின் நிலையம் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. அவை ராணுவ இலக்காகவே இருந்தாலும், உடைத்தால் வெள்ளமோ கதிர்வீச்சோ கிளம்பி மக்கள் பெருமளவில் சாவார்கள் என்றால் தாக்கக் கூடாது. விதிவிலக்குகள் குறுகியவை. அதே விதி, நாடுகள் தங்களுக்குள் கூடுதலாக ஒப்பந்தம் செய்துகொள்ளவும் தூண்டுகிறது. நாமும் பாகிஸ்தானும் 1988-ல் செய்தது அப்படி ஒன்றுதான். கூடுதலைச் செய்துவிட்டோம். மூல நெறிமுறையில் இன்னும் சேரவில்லை.

170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. சீனா 1983-லும் சோவியத் யூனியன் 1989-லும் சேர்ந்தன. பாகிஸ்தான் கையெழுத்திட்டது, உறுதிப்படுத்தவில்லை. நாம் கையெழுத்தும் இடவில்லை.

தயக்கத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்களை அறிவேன். விடுதலைப் போர்களையும் பன்னாட்டுப் போராகக் கருதும் முதல் விதியைச் சிலர் அஞ்சுகிறார்கள். உள்நாட்டுப் போர் பற்றிய இரண்டாம் நெறிமுறை நம் இறையாண்மையில் தலையிடும் என்கிறார்கள். ஆனால் இரண்டும் தனித்தனி ஆவணங்கள். நான் கேட்பது முதலாவதை மட்டும். அணு ஆயுதம் வைத்திருக்கும் நாட்டுக்கு இது ஒத்துவராது என்பாரும் உண்டு. பிரிட்டன் 1998-லும் பிரான்ஸ் 2001-லும் சேர்ந்தபோது, புதிய விதிகள் அணு ஆயுதத்துக்குப் பொருந்தா என்று எழுதிக் கொடுத்தே சேர்ந்தன. 56-ஆம் விதியிலும் தங்கள் நிபந்தனைகளைப் பதிவு செய்தன. அந்த நிபந்தனைகள் எனக்கு உவப்பானவை அல்ல. ஆனாலும் வெளியே நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

"சட்டம் எழுதி என்ன, உக்ரைனின் காகோவ்கா அணை உடையவில்லையா?" என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். 2023 ஜூன் 6 அன்று உடைந்ததுதான். ரஷ்யா, உக்ரைன் இரண்டும் நெறிமுறையில் உள்ள நாடுகள்தான். அந்த வெள்ளத்தைச் சட்டம் தடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உக்ரைனின் மின் நிலையங்களைத் தாக்கியதற்காக 2024-ல் ரஷ்யத் தளபதிகள் மீது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்ததே, மோனே அணைக்குப் பிறகு அப்படி யோசிக்கவாவது யாருக்கும் வழி இருந்ததா? எழுதப்படாத வழக்காற்றுச் சட்டம் அணைகளைக் கொஞ்சம் காக்கிறது என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். நமக்கு அந்தக் "கொஞ்சம்" போதாது.

உள்நாட்டிலும் ஒரு குறை இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி, உடன்படிக்கைகளை மீறியவர் மீது அரசு புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியும். அந்தச் சட்டம் தனிமனிதருக்கு நீதிமன்றம் செல்லும் உரிமை எதையும் தரவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1969-ல் கோவா பாதிரியார் வழக்கில் சொல்லிவிட்டது. அதன் பிறகும் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் குழுவில் இரு அவைகளிலிருந்தும் 31 பேர் இருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அரசின் வேலை என்பதை அறிவேன். ஆனால் வெளியுறவு, பாதுகாப்பு, சட்டம் ஆகிய மூன்று அமைச்சகங்களின் செயலர்களையும் அழைத்து, "ஏன் சேரவில்லை?" என்று கேட்டு, அவர்கள் பதிலை அறிக்கையாக அவையில் வைக்க உங்களால் முடியும். பன்னாட்டுச் சட்டத்தின்மீது மதிப்பை வளர்க்கும்படி அரசியலமைப்பின் 51-ஆம் உறுப்பு அரசுக்குச் சொல்கிறது. அதற்கு நாள் பிடிக்கும் என்றால், அதுவரை 1988 ஒப்பந்தத்தில் பெரிய அணைகளையும் சேர்க்கலாமா என்று பாகிஸ்தானைக் கேட்கும்படி பரிந்துரையுங்கள். சிந்து நதி ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டு, நதிகளே போர்ப்பேச்சாகிவிட்ட நாளில் இதைக் கேட்பது எளிதல்ல. ஆனால் இந்த நாளில்தான் கேட்க வேண்டும்.

மேட்டூரில் 120 அடி வரை நீர் நிற்கும், 93.47 டி.எம்.சி. அதற்குக் கீழே பவானி, ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சை. நெறிமுறை இத்தகைய இடங்களுக்கு ஓர் அடையாளமும் வகுத்திருக்கிறது: ஒரே வரிசையில் மூன்று ஆரஞ்சு வட்டங்கள். அந்த வட்டங்களை மேட்டூர் அணையின் மேல் வரைவதற்கான முதல் கேள்வியை உங்கள் குழு எந்தத் தேதியில் எடுக்கும் என்று தெரிவித்தால், என் மாணவருக்கு நான் பதில் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
புதுப்பட்டினம், கல்பாக்கம் அருகில்