கங்காணி என்று சொன்னதற்கு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், டப்பிங் குரல் கொடுப்பதை விட்டு ஏஜெண்ட் ஆகப் போகிறேன் என்று நீ சொன்னதும் நான் "அப்போ நீயும் கங்காணி ஆகப் போறியா?" என்று கேட்டதும் நீ ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். கேட்டது கேட்டதுதான், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஏன் அப்படி வாயில் வந்தது என்று சொல்லாமல் விட்டால் நீ தீபாவளி வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தொழில் கொழும்பில் தொடங்கியது என்று நீ நினைக்கிறாய். நம் தேயிலைத் தோட்டத்து வீட்டு இஸ்தோப்பில், அந்த முன்திண்ணையில் தொடங்கியது அது. ரூபவாஹினி டிவியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களம் பேச வைத்த அந்தக் கார்ட்டூன் முயல் பக்ஸ் பனி வரும் நேரத்தில், லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் நம் வீட்டு டிவிக்கு முன்னால் வந்து குவிவார்கள், பாதிப் பேருக்குச் சிங்களம் விளங்காது, நீதான் பின்னால் இருந்து முயலுக்கும் வேட்டைக்காரனுக்கும் தமிழில் பேசுவாய். முயலுக்கு உன் மாமா குரல், வேட்டைக்காரனுக்கு, அப்போது தோட்டத்தில் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்த கணக்கப்பிள்ளையின் குரல். அந்த மனிதர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் போனார். அந்த வாரம் முழுக்க எனக்குக் கொழுந்து பறிக்க நிரை மலை உச்சியில்தான் கிடைத்தது, இதை நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை.

அதே முயலுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்த மெல் பிளாங்க் கதையைப் பிறகு நீ சொன்னாய். சம்பளம் கூட்டிக் கேட்டாராம், முதலாளி காசைக் கூட்டாமல் படத்தில் பெயர் போடுகிறேன் என்றாராம். அவருக்காவது பெயர் வந்தது, அதே கூட்டத்துப் படங்களில் பாட்டிக்குப் பேசிய ஜூன் ஃபோரேக்கு அதுவும் பல படங்களில் வரவில்லை என்றாய். எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. சம்பளம் கேட்டால் வேறு எதையாவது கையில் வைப்பது நமக்குப் பழகியதுதானே, பண்டிகைக்கு முற்பணம் தந்து அடுத்த மாதமே பிடிப்பது போல.

பன்னிரண்டு வருடம் அந்தச் சின்ன அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றாய். அணில், பேய், தொட்டில் குழந்தை, எல்லாவற்றையும் விட அதிகமாகப் பையன்கள். பையனுக்கு ஏன் பொம்பிளை பேச வேண்டும் என்று உன் அப்பா கேட்டபோது, பையன்களுக்குக் குரல் உடைந்துவிடும், பொம்பிளைக்கு அப்படி உடையாது, அமெரிக்காவில் பார்ட் சிம்ப்சன் என்ற பத்து வயதுப் பையனுக்கு 1987இலிருந்து நான்சி கார்ட்ரைட்தான் பேசுகிறார் என்று நீ சொன்னதும் அவர் வாயடைத்துப் போனார். சரி, அது பெருமை. ஆனால் ஒரு நாள் முழுக்க அலறும் காட்சி எடுத்துவிட்டு ராத்திரி போனில் நீ காற்று மாதிரிப் பேசுவாயே, கொத்தமல்லி அவித்துக் குடி என்பதைத் தவிர என்னால் என்ன செய்ய முடிந்தது? அதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. கதாநாயகனுக்கு இந்தியத் தமிழ் வேண்டும் என்பார்கள், சமையல்காரி வந்தால் மட்டும் "உங்க தோட்டத் தமிழ்ல பேசுங்க" என்பார்கள். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது குரல் கொடுப்பதை விட்டுவிட்டு, குரல் கொடுக்கிறவர்களுக்கு வேலை பேசிக் கொடுத்து அதில் ஒரு பங்கு எடுக்கப் போகிறேன் என்கிறாய்.

கங்காணி என்றதும் உனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார். அந்தக் காலத்தில் இந்தியாவில் ஊரிலிருந்து தோட்டத்து வேலைக்கு ஆளைக் கூட்டி வந்தவர் கங்காணி. துரையிடம் பேசத் தெரிந்தவர், பலருக்குச் சொந்தக்காரர், கெட்டவர் என்று எல்லாரையும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு ஆளும் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு. பயணச் செலவு, அரிசி, முற்பணம் என்று எழுதி எழுதிக் கடனைத் தலையில் ஏற்றுவார்கள். தோட்டம் மாற வேண்டுமானால் கடன் தொகை எழுதிய துண்டு ஒன்று தருவார்கள், புதுத் தோட்டம் அதைக் கட்டினால்தான் ஆள் போகலாம். 1921இல்தான் அந்தத் துண்டை ஒழித்தார்கள். உன் பாட்டன் அந்த வார்த்தையைச் சொன்னாலே எச்சில் துப்புவார்.

நான் கூடையோடு நின்ற காலத்தில் துண்டு இல்லை, தராசு இருந்தது. 18 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப் பேர். மழைத் தண்ணீருக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழிப்பார்கள், வெயில் காலத்திலும் தண்ணீருக்குக் கழித்தார்கள்! நான் எத்தனையோ தடவை 19 எடுத்து 16 எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அதனால் கேட்கிறேன், நீ எப்படிக் கழிக்கப் போகிறாய்? அமெரிக்காவில் நடிகர் சங்கம் ஏஜெண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் விடாது, கலிபோர்னியாவில் தொழில் ஆணையரிடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும், பதிவுக் கட்டணம் என்று முன்காசு வாங்கக் கூடாது என்று நீயே சொன்னாய். அது அங்கே. இங்கே உன்னைக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஸ்டூடியோ தரும் கணக்கை அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும், உன் பங்கை அவர்கள் முன்னால் எடு. வேறு ஆளிடம் போகிறேன் என்றால் போக விடு. "எல்லாக் காலத்துக்கும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வந்தால் கையெழுத்துப் போட விடாதே, ஒருதரம் பதிந்த குரலை வைத்து மெஷினே பேசும் காலம் இது, 2023இல் அமெரிக்க நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததில் இதுவும் ஒரு காரணம் என்று நீதானே சொன்னாய். அப்புறம் அந்தச் சமையல்காரிக் கதை, அதற்கும் இனி நீதான் பதில் பேச வேண்டும்.

நீ பேசுவதை விட்டதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. உன் அப்பா இன்னும் அந்த அணில் வரும் நேரத்துக்கு டிவியைப் போடுகிறார்.

கீழ் லயத்தில் ஒரு பையன் இருக்கிறான், ஹட்டன் பஸ் மலை ஏறும்போது கியர் மாற்றும் சத்தத்தை அப்படியே எடுப்பான், போன வாரம் உண்மையான பஸ் என்று நினைத்து நான் பையோடு ஓடினேன். அவன் அம்மா உன் நம்பர் கேட்டாள். இன்னும் கொடுக்கவில்லை. எத்தனை சதவீதம் என்று முதலில் எழுது.

அம்மா