கடற்பனிக் கணக்கைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்: அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் விஞ்ஞானி இல்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆர்க்டிக் கடற்பனி வரைபடத்தைத் தினமும் திறந்து பார்க்கிற ஆள், அவ்வளவுதான். அந்தப் படத்தில் 2012-ஆம் ஆண்டைக் காட்ட ஒரு விட்டுவிட்ட கோடு இருக்கும். அந்த வருஷம் பனி ஏறக்குறைய 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. 1980களில் இதே மாதம் 70 லட்சத்தை ஒட்டி இருந்தது. இந்த வருஷக் கோடு அந்த 2012 கோட்டைத் தொட்டுவிடுமோ என்று வயிறு கலங்கத்தான் பார்ப்பேன்.

2025 ஜூன் கடைசியில் உங்கள் பாதுகாப்புத் துறை, தன் பழைய வானிலைச் செயற்கைக்கோள்கள் அனுப்பும், அந்த வரைபடத்துக்கு அடிப்படையான நுண்ணலை (மைக்ரோவேவ்) தரவைச் சில நாளில் நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள், அப்புறம் 2026 செப்டம்பர் வரை தருவோம் என்றார்கள். சரி, மூச்சு வந்தது. ஆனால் கெடு வைத்துத்தானே தந்தார்கள்?

அந்தத் தரவுக்குள் எத்தனை பேருடைய ஆயுள் இருக்கிறது என்று யோசித்தீர்களா? கடற்பனி ஆய்வாளர் கிளேர் பார்க்கின்சனை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாசாவின் கோடார்ட் மையத்தில் அவர் சேர்ந்தது 1978-இல். அதே ஆண்டு அக்டோபரில்தான், நுண்ணலையை அளக்கும் கருவியோடு நிம்பஸ்-7 செயற்கைக்கோள் மேலே போனது. மேகம் மூடினாலும், ஆறு மாத இருட்டானாலும், கடல்நீரைவிடப் பனி அதிகமாக வெளிவிடும் நுண்ணலையை வைத்து அதை அடையாளம் காணலாம். அந்தக் கணக்கோடு நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர் அவர். அண்டார்க்டிகாவில் பனி மெல்லக் கூடியபோது கூடுகிறது என்றே எழுதினார். 2014-க்குப் பிறகு அது மூன்றே ஆண்டில், ஆண்டுச் சராசரியில் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சரிந்ததை 2019-இல் எழுதியவரும் அவர்தான். இடையில் ஐந்து வருஷம் தரவு இல்லாமல் போயிருந்தால் அந்தத் திருப்பத்தை யார் பார்த்திருப்பார்கள்?

ஒரு கருவி போய் இன்னொன்று வந்தால் போதாது. இரண்டும் கொஞ்ச காலம் ஒரே பனியைச் சேர்ந்து பார்க்க வேண்டும், அப்போதுதான் ஒன்றின் அளவை மற்றதோடு ஒட்ட முடியும். 1987-இல் நிம்பஸ்-7-இல் இருந்த பழைய கருவியும் அடுத்து வந்த புதியதும் அப்படிச் சேர்ந்து ஓடியது வெறும் ஆறு வாரம். அதிலும் பழையது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் அளந்தது. அவ்வளவு மெல்லிய முடிச்சில்தான் இந்த நீண்ட கணக்கு நிற்கிறது.

இப்போது ஆய்வாளர்கள் ஜப்பானின் கருவி பக்கம் போகிறார்கள், நல்லது. ஆனால் அதுவும் 2012-இல் ஏவியது, ஐந்து வருஷத்துக்கென்று செய்தது. நீங்களே 2024 ஏப்ரலில் புதிய நுண்ணலைச் செயற்கைக்கோள் ஒன்றை ஏவியிருக்கிறீர்கள். அதன் தரவைக் கடற்பனி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள், பழையவை உயிரோடு இருக்கும்போதே. பழையவற்றுக்குத் தேதி குறிக்காதீர்கள், தாமாக ஓயும்வரை ஓடட்டும்.